திரும்பக் கேட்க வைக்காத மெயில்: பையருக்கும் மில்லுக்கும் எழுதுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 16 வருஷமாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்தது முதல் சரக்கு கிளம்பும் வரை பார்த்துக்கொள்பவர்) இருக்கிறேன். துணியைத் தொடும் நேரத்தைவிட மெயில் எழுதும் நேரம்தான் அதிகம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் பையரை, அதாவது நமக்கு ஆர்டர் தந்து வாங்குகிறவரை, வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் பார்த்தால் பெரிது. மீதி நாளெல்லாம் அவர் நம்மை எடைபோடுவது நம் மெயிலை வைத்துத்தான். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தொழில் வேறாக இருந்தாலும் பெரும்பாலானவை உங்களுக்கும் பொருந்தும்.

மெயிலில் மரியாதை என்றதும் நமக்கு ‘ரெஸ்பெக்டட் சார்’தான் நினைவுக்கு வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் நாலு இடத்தில் சார் போட்டுவிட்டு, எந்த ஆர்டர், எந்தக் கலர், எப்போதைக்குள் வேண்டும் என்பதை விட்டுவிட்டால், படிக்கிறவர் இன்னொரு மெயில் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். நாம் ஆபீசுக்கு வரும் காலை 9 மணிக்கு ஜெர்மனியில் கோடையில் விடிகாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. அவர் எழுந்து ஆபீஸ் வந்து கேட்டு, நாம் பதில் போடுவதற்குள் ஒரு நாள் போய்விடும். ஒருவரை அப்படித் திரும்பக் கேட்க வைக்காமல் எழுதுவதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

முகவரியைக் கடைசியில் போடுங்கள்

புது மெயில் திறந்ததும் பெறுநர் பெட்டியைத் தொடாதீர்கள். முதலில் ஃபைலை இணையுங்கள். அப்புறம் விஷயத்தை எழுதுங்கள். பிறகு பொருள் வரி. எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு முகவரி. பாதியில் கை பட்டு மெயில் போய்விடுவது, ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டு இணைக்காமல் விடுவது, இரண்டும் இந்த வரிசையில் நடக்காது. பதில் எழுதும்போது முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விஷயம் சிக்கலானது என்றால் அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முகவரி போடும்போது முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஒரு பெயரை நீட்டும். அது நீங்கள் நினைத்த ஆள்தானா என்று முழு முகவரியையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பையர் ஆபீசில் ஆள் இருப்பது சாதாரணம்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற 5 விநாடிதான் கிடைக்கும். செட்டிங்ஸில் போய் அதை 30 விநாடி ஆக்கிவிடுங்கள், இன்றைக்கே. அவுட்லுக்கில் இருக்கும் ரீகால் வசதியை நம்ப வேண்டாம். அது ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான் வேலை செய்யும். வெளியே பையருக்குப் போனது போனதுதான்.

பொருள் வரி

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியபோதே இதை நாம் படித்துவிட்டோம். அனுப்புநர், பெறுநர், பொருள். அரசு அலுவலகக் கடிதத்தில் இன்னும் ஒன்று கூட இருக்கும்: ‘பார்வை’. எந்தக் கடிதத்துக்கு, எந்தத் தேதியில் வந்த மனுவுக்கு இது பதில் என்று அங்கே எண்ணோடு போட்டிருப்பார்கள். பார்வை வரியைப் பார்த்தாலே போதும், படிக்கிறவர் பழைய ஃபைலைத் தேடி அலைய வேண்டாம். மெயிலின் பொருள் வரியில் இந்த இரண்டு வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும்.

‘அர்ஜென்ட்’, ‘ரிகார்டிங் ஆர்டர்’, ‘சாம்பிள்’ என்று மட்டும் பொருள் எழுதினால் அது யாருக்கும் உதவாது. ‘பிஓ 4471 – நேவி லேப் டிப் – ஜூலை 18-க்குள் அப்ரூவல் தேவை’ என்று எழுதுங்கள். (பிஓ என்பது பர்ச்சேஸ் ஆர்டர். லேப் டிப் என்பது கலர் சரியா என்று பார்க்க முதலில் சின்னத் துண்டில் சாயம் ஏற்றி அனுப்புவது.) எந்த ஆர்டர், என்ன விஷயம், அவர் என்ன செய்ய வேண்டும், மூன்றும் இருக்கிறது. ஆர்டர் எண் முதலில் வரட்டும். போனில் பார்க்கிறவருக்குப் பொருள் வரியின் முதல் நாலைந்து வார்த்தைதான் தெரியும். ஆறு மாதம் கழித்து யாராவது தேடினாலும் அந்த எண்ணைப் போட்டுத்தான் தேடுவார்கள்.

விஷயம் மாறினால் புது மெயில் தொடங்குங்கள். பட்டன் கலரைப் பற்றிய பழைய மெயிலுக்கு ரிப்ளை அழுத்தி, அதில் பேமென்ட் பாக்கியைக் கேட்பது வேண்டாம். அது பட்டன் மெயிலின் அடியில் புதைந்துபோகும்.

பெயர்

ஒருவரை எப்படி அழைப்பது என்று குழப்பமாக இருந்தால், அவர் கடைசியாக எழுதிய மெயிலின் அடியைப் பாருங்கள். அவர் எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ அந்தப் பெயர்தான். முதல் மெயில் என்றால் ஜெர்மனிக்காரருக்கு மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுக் குடும்பப் பெயரைச் சேர்ப்பது வழக்கம். டாக்டர் பட்டம் இருந்தால் அதையும் விடாமல் போடுங்கள். அவரே முதல் பெயரில் கையெழுத்துப் போடத் தொடங்கினால் நாமும் மாறிக்கொள்ளலாம். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். மிஸ்டர், மிஸ் எதுவும் இல்லாமல் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

நம் பெயர் அவர்களுக்கு அதைவிடப் பெரிய குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலும் மெயில் கணக்கிலும் கடைசிப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரை நிரப்பிவிடுகிறோம். கார்த்திக்கின் அப்பா பெயர் சுப்பிரமணியம் என்றால், பையர் ‘டியர் மிஸ்டர் சுப்பிரமணியம்’ என்று எழுதுவார். பாவம், அவர் மரியாதையாகத்தான் எழுதுகிறார். அடுத்த பதிலில் அடியில் ‘கார்த்திக்’ என்று மட்டும் போட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். பல வருஷம் அப்பா பெயரிலேயே அழைக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். சொன்னால் அவர் சங்கடப்படுவாரோ என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நாள் ஆக ஆகத்தான் சங்கடம் கூடும். முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வரி

நலம் விசாரிப்பது ஒரு வரி போதும். இரண்டாவது வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். பின்னணிக் கதை அதற்குக் கீழே.

அரசு மனுவில் ‘ஆவன செய்யவும்’ என்று முடிப்போம். ‘டூ த நீட்ஃபுல்’ என்று நாம் எழுதுவதும் அதேதான். என்ன ஆக வேண்டும் என்பதைப் படிக்கிறவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிடுகிறது. ‘இணைத்துள்ள அளவுப் பட்டியலில் தோள் அளவை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதினால் அவர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். ‘ரிவர்ட்’ என்ற வார்த்தையும் அப்படித்தான். நம் ஊரில் அதற்குப் பதில் போடு என்று அர்த்தம். மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் படிப்பார்கள். டிசைன் மாறியிருக்கும் மெயிலில் ‘பிளீஸ் ரிவர்ட்’ என்று எழுதினால், பழைய டிசைனுக்கே போகச் சொல்கிறோம் என்று அவர் நினைக்க இடமிருக்கிறது.

கேள்விகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எண் போடுங்கள். ஒரே பத்தியில் மூன்று கேள்வி கேட்டால் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வரும். அது அவர் தப்பில்லை.

தேதி, வாரம், நேரம்

05/06 என்று எழுதினால் நமக்கும் ஐரோப்பாவுக்கும் அது ஜூன் 5. அமெரிக்காக்காரருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ‘நாளைக்குள்’, ‘இன்று மாலைக்குள்’ என்றும் எழுத வேண்டாம். யாருடைய மாலை? ‘புதன், ஜூலை 30, உங்கள் நேரம் மாலை 5’ என்று எழுதுங்கள்.

ஐரோப்பிய பையர்கள் பலர் டெலிவரியை வார எண்ணில் சொல்வார்கள். 2025-இல் வாரம் 32 என்றால் ஆகஸ்ட் 4 திங்கள் முதல் ஆகஸ்ட் 10 ஞாயிறு வரை. புதிதாக வருகிறவர்கள் இதை மனக்கணக்காகப் போட்டு ஒரு வாரம் தள்ளி எழுதிவிடுவார்கள். காலண்டரில் வார எண் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் வார எண், தேதி இரண்டையும் போடுங்கள்.

கெட்ட செய்தியை எழுதும்போது

இந்த ஒன்றுக்கு நான் நிறைய நேரம் செலவழிப்பேன். ஆர்டர் நன்றாகப் போகும்போது யாரும் நல்ல மெயில் எழுதிவிடலாம். தாமதம் வரும்போது எழுதும் மெயிலில்தான் பையர் அடுத்த சீசனுக்கு நம்மிடம் வருவாரா என்பது இருக்கிறது.

பெரும்பாலும் நாம் எழுதுவது இப்படி இருக்கும் (மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன்):

‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தொடர் மழையாலும் மின்தடையாலும் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சில காரணங்களாலும் உற்பத்தியில் சிறு தாமதம் ஏற்பட்டுள்ளது. எங்களால் முடிந்தவரை முயன்று வருகிறோம். நிலைமையைப் புரிந்துகொண்டு ஆவன செய்யவும்.’

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்தவருக்கு என்ன தெரியும்? எத்தனை நாள்? எந்தக் கலர்? எல்லாமேவா? அவர் தன் கடைகளுக்கு என்ன சொல்வார்? இதையே இப்படி எழுதலாம்:

‘பிஓ 4471-இல் நேவி கலர் 3,000 பீஸ் ஆகஸ்ட் 8-க்குப் பதில் ஆகஸ்ட் 14-இல்தான் (வாரம் 33) எங்கள் கம்பெனியிலிருந்து கிளம்பும். மற்ற மூன்று கலரும், மொத்தம் 9,000 பீஸ், ஆகஸ்ட் 8-இல் கிளம்ப ரெடியாக இருக்கும். நீங்கள் அப்ரூவ் செய்த லேப் டிப்பைவிட நேவி துணி வெளுத்து வந்துவிட்டது, திரும்பச் சாயம் ஏற்றுகிறோம். இது எங்கள் பக்கத் தவறு, வருந்துகிறேன்.

இரண்டு வழி இருக்கிறது. 1. 9,000 பீஸ் ஆகஸ்ட் 8, நேவி தனியாக ஆகஸ்ட் 14. 2. 12,000 பீஸும் சேர்த்து ஆகஸ்ட் 14.

எது உங்களுக்கு வசதி என்று புதன், ஜூலை 30, உங்கள் நேரம் மாலை 5-க்குள் சொன்னால், வியாழன் காலை பேக்கிங் லிஸ்டை மாற்றிவிடுவோம்.’

லேப் டிப் என்றால் என்ன என்று தெரியாதவர் படித்தாலும் இந்த மெயிலில் என்ன நடந்தது, என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது புரியும். மன்னிப்பு ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் எதற்கு என்று சொல்லி வருகிறது. மழையின் மேல் பழி போடவில்லை. கோபத்தில் இருக்கும் பையர்கூட இதற்கு ‘1’ என்றோ ‘2’ என்றோ பதில் போட்டுவிட முடியும்.

இன்னொன்று, இந்த மெயிலைத் தள்ளிப்போடாதீர்கள். சாயப் பட்டறையிலிருந்து துணி வந்த அன்றே தாமதம் தெரிந்துவிடும். இன்னும் இரண்டு நாளில் ஏதாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்து, ஆகஸ்ட் 7 மாலை எழுதினால் அப்போது அவர் கையில் எந்த வழியும் மிஞ்சியிருக்காது.

எதிர்ப்பக்கம் கோபமாக மெயில் வந்தால்? 1995 அக்டோபரில், இன்டெல்லில் இருந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: மனம் கொதித்து எழுதிய பதிலை ஒரு இரவு வைத்திருந்து அனுப்பு என்று. எல்லாம் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போலிருக்கும் என்பதும் அதில் உள்ளதுதான். முதல் நாள் ‘பார்த்தேன், விவரம் சேர்த்து நாளை மதியத்துக்குள் எழுதுகிறேன்’ என்று இரண்டு வரி போட்டுவிட்டு, முழுப் பதிலை மறுநாள் காலை எழுதுங்கள். நான் இரவில் எழுதி வைத்த பதில் எதையும் காலையில் அப்படியே அனுப்பியதில்லை.

சிசி, பிசிசி, ஃபார்வர்டு

சிசி என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டர் காலத்தில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து அடித்த நகல். பெறுநர் பெட்டியில் இருப்பவர் வேலை செய்ய வேண்டியவர், சிசியில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவர். பெறுநர் பெட்டியில் ஐந்து பேரைப் போட்டால் ஐந்து பேரும் மற்ற நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

ஒருவர் பதில் போடவில்லை என்றதும் அவர் மேனேஜரை சிசியில் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்பதற்குச் சமம் அது. முதலில் போன் போட்டுப் பேசுங்கள். அப்படியும் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல பேருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது பிசிசி. அதில் போட்ட முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு பையரின் முகவரி இன்னொரு பையருக்குத் தெரியக் கூடாது. ரிப்ளை ஆல் அழுத்தும் முன் எல்லோருக்கும் இது வேண்டுமா என்று பாருங்கள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான என்எச்எஸ்ஸில் ஒரு சோதனை மெயில் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போனது. ‘என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று ஆளாளுக்கு எல்லோருக்கும் பதில் போட்டதில் மெயில் அமைப்பே திணறிப்போனது.

ஃபார்வர்டு பற்றி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலையில் இரண்டாவது வருஷம். ஒரு பையர் விலை கேட்டிருந்தார். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் என்று எம்.டி.யோடு மூன்று நாள் மெயிலில் கணக்குப் போட்டோம். கடைசியில் அவர் ‘3.40 டாலர் சொல்லு, 3.15 வரை இறங்கலாம்’ என்று பதில் போட்டார். அந்த மெயிலையே பையருக்கு ஃபார்வர்டு செய்து, மேலே ‘எங்கள் விலை 3.40’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். 40 நிமிஷத்தில் பதில் வந்தது: ‘நன்றி. 3.15-க்கு உறுதி செய்கிறோம்.’

எம்.டி. கத்தவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸை வாங்கி, அந்த மெயிலைக் கீழே கீழே என்று கடைசி வரை இழுத்துக் காட்டினார். ‘இனிமே அடி வரைக்கும் போய்ப் பாத்துட்டு அனுப்புப்பா’ என்றார். இன்றைக்கும் வெளியே எதையும் நான் ஃபார்வர்டு செய்வதில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துப் புது மெயிலில் எழுதுகிறேன்.

இணைப்புகள்

ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரைதான் இணைக்க முடியும். போனில் எடுத்த படங்களை அப்படியே சேர்த்தால் ஐந்தாறு படத்திலேயே நிறைந்துவிடும். படத்தைச் சுருக்குங்கள். ஃபைலுக்கு ‘ஸ்கேன் 0023’ என்றெல்லாம் பெயர் வேண்டாம், ‘4471 நேவி அளவுப் பட்டியல் ஜூலை 16’ என்று இருக்கட்டும். டிரைவ் லிங்க் கொடுத்தால், அனுப்பும் முன் வேறு கணக்கிலிருந்து அது திறக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய லிங்கை அனுப்பிவிட்டு நாம் தூங்கப் போய்விட்டால், அவர் அனுமதி கேட்டுவிட்டு மறுநாள் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதிலும் நினைவூட்டலும்

முழுப் பதில் இன்று முடியாது என்றால், கிடைத்தது, இந்தத் தேதிக்குள் எழுதுகிறேன் என்று அன்றே ஒரு வரி. நினைவூட்ட வேண்டும் என்றால் இரண்டு வேலை நாள் பொறுத்து, அதே மெயிலின் மேலேயே எழுதுங்கள். ‘ஜென்டில் ரிமைண்டர் 3’ என்று எண் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை, அது கணக்கு வைத்துக் குத்திக்காட்டுவது. கேள்வியைத் திரும்ப ஒரே வரியில் எழுதி, தாமதமானால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள்: ‘வெள்ளிக்குள் அப்ரூவல் வந்தால் திங்கள் சாயத்துக்கு அனுப்பிவிடலாம்.’

போனில், வாட்ஸ்அப்பில் முடிவானதை அன்றே மெயிலில் பதிவு செய்யுங்கள். நம்பிக்கை இல்லாமல் எழுதுவது போல இருக்கக் கூடாது. ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, மாறியிருந்தால் திருத்துங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் மனம் நோகாது.

கையெழுத்தில் பெயர், வேலை, கம்பெனி, போன் எண் போதும். ஆர்எஃப்சி 1855 சொல்லும் அளவும் 4 வரிதான். ஆனால் அதுகூட இல்லாமல் அனுப்பினால் மொட்டைக் கடுதாசி மாதிரி ஆகிவிடும்.

உள்ளூருக்குத் தமிழில் எழுதும்போது

மில்லுக்கும் சாயப் பட்டறைக்கும் போனில் பேசும்போது ‘அண்ணா, துணி எப்பங்ண்ணா வரும்?’ என்றுதான் கேட்போம். அதுதான் இயல்பு, அதுதான் உறவு. ஆனால் அதே விஷயத்தை மெயிலில் எழுதும்போது ‘வணக்கம்’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்லி எழுதுங்கள். அந்த மெயில் அவர் ஆடிட்டருக்கும் போகலாம், பேங்குக்கும் போகலாம். அண்ணாவைப் போனில் வைத்துக்கொள்ளலாம்.

அரசு அலுவலகத்துக்கு எழுதினால் ‘ஐயா / அம்மையீர்’, பொருள், பார்வை என்று அந்த முறையிலேயே எழுதுங்கள். அவர்கள் ஃபைலில் சேர்க்க அதுதான் வசதி. பழைய கடிதத்தின் ந.க. எண் (அந்த அலுவலகம் போட்ட கோப்பு எண்) இருந்தால் அதைக் கட்டாயம் பார்வையில் போடுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை மெயிலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

ஊரே விடுமுறையில் இருக்கும்போது

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூரில் தையல் ஆட்கள் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கம்பெனி திறந்த பிறகும் அவர்கள் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். பையருக்கு இது தெரியாது. மூன்று வாரம் முன்பே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை மூடியிருப்போம், முழு உற்பத்தி எப்போது தொடங்கும் என்று எழுதிவிடுங்கள். விடுமுறைக்கான ஆட்டோ ரிப்ளையில் ‘விரைவில் பதிலளிப்பேன்’ என்று மட்டும் போடாமல், திரும்பும் தேதியையும், அவசரத்துக்கு யாரைக் கேட்பது என்று ஒரு பெயரையும் எண்ணையும் போடுங்கள். அந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லி, நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்த அன்று காலை முதல் வேலையாக ஆட்டோ ரிப்ளையை நிறுத்திவிடுங்கள்.